பல் பரிசோதனையில் எக்ஸ்ரே: எப்போது எடுப்பது, எப்படி உட்காருவது, படத்தில் எதைப் பார்ப்பது

தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். எங்கள் மாவட்டத்துப் பற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருக்கும் ஊர்கள் இவை. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரக் கட்டுப்பாடு. இங்கே பல கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அதைத் தாண்டித்தான் இருந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அதற்கு முன்பே பல் முளைத்து வளர்ந்தவர்களுக்குப் பழுப்புக் கறை அப்படியே நிற்கிறது. அந்தக் கறையைக் காட்டி, "எல்லாப் பல்லும் சொத்தையாப் போச்சு டாக்டர்" என்று வருகிறார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் கறை, பல் கெட்டியாக இருக்கும். அதே வாயில், வெளியே வெள்ளையாகத் தெரியும் இரண்டு கடைவாய்ப்பற்கள் ஒட்டிக்கொள்ளும் இடத்தில், கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாமல் சொத்தை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். வலி இன்னும் வந்திருக்காது. வழக்கமான பரிசோதனையில் எக்ஸ்ரேவுக்கு முக்கியமான வேலை இந்த இடத்தில்தான்.

எக்ஸ்ரே என்றதும் ஒரு சிலர் கதிர் உடம்புக்கு ஆகாது என்று பயந்து எழுந்துவிடுகிறார்கள். வேறு சிலர், வந்ததே வந்துவிட்டோம், எல்லாப் பல்லுக்கும் ஒரு படம் எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். முதலில் வாயைத் திறங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முதலில் வாய், அப்புறம் படம்

ஒழுங்கான பரிசோதனை கேள்வியில் தொடங்கும். எங்கே வலிக்கிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் எவ்வளவு நேரம் கூசுகிறது, ராத்திரி தூக்கம் கலைகிறதா, சர்க்கரை உண்டா, புகையிலை போடும் பழக்கம் உண்டா, கடைசியாக எப்போது எக்ஸ்ரே எடுத்தது. பிறகு பல்லைக் காற்றடித்து உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு ஆழம் அளக்க வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்க்க வேண்டும், கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் எந்த இடத்தில் சந்தேகம் இருக்கிறது, அதற்கு எந்தப் படம் வேண்டும் என்பது தெரியவரும்.

டாக்டர் உங்கள் வாயைப் பார்ப்பதற்கு முன்பே வரவேற்பில் இருப்பவர் "ஓ.பி.ஜி. எடுத்துட்டு வாங்க" என்று, இரண்டு தாடையையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரேக்கு அனுப்பினால், அங்கேயே நின்று, டாக்டர் பார்த்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அடிபட்டு வாயைத் திறக்கவே முடியாமல் வருகிறவர்களின் நிலைமை வேறு. நான் சொல்வது வழக்கமான பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு.

டாக்டர் எக்ஸ்ரே வேண்டும் என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். எதைத் தேடி எடுக்கிறீர்கள்? போன தடவை எடுத்த படம் போதாதா? சின்னப் படமே போதுமா, பெரியது வேண்டுமா? நாலாவதுதான் முக்கியம்: படத்தில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே சிகிச்சைதான் என்றால் அந்தப் படம் அவசியமா என்று யோசிக்க இடமிருக்கிறது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். என்னிடம் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும், அவர்களுக்குச் சிகிச்சை செய்வதும் எளிது.

எந்தப் படம் எதற்கு

எங்கள் தொழிலில் பேச்சுவழக்கில் சில பெயர்கள் புழங்கும். ஐ.ஓ.பி.ஏ. என்பது வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படம். இரண்டு மூன்று பற்களை வேர் நுனி வரைக்கும், அதைச் சுற்றியுள்ள எலும்போடு காட்டும். கம்ப்யூட்டரில் உடனே தெரியும் டிஜிட்டல் முறையில் எடுத்தால் அதையே ஆர்.வி.ஜி. என்பார்கள். பைட்விங் என்பதும் வாய்க்குள் வைக்கும் படம்தான். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லி எடுப்பார்கள். ஓ.பி.ஜி. என்றால் இயந்திரம் தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படமாகத் தரும். சி.பி.சி.டி. முப்பரிமாணப் படம், ஒருவகை சி.டி. ஸ்கேன். இம்பிளான்ட் என்னும் செயற்கை வேரை எலும்பில் பொருத்துவதற்கு முன், நரம்பை ஒட்டிக் கிடக்கும் ஞானப்பல்லை எடுப்பதற்கு முன் கேட்பார்கள். வழக்கமான பரிசோதனைக்கு அது தேவையில்லை.

இவற்றில் நம் ஊர்ப் பக்கம் குறைவாகப் பயன்படுவது பைட்விங். வழக்கமான பரிசோதனைக்கு மிகவும் பொருத்தமானதும் அதுதான் என்பது என் அழுத்தமான கருத்து. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, பெரும்பாலானவர்களுக்கு அந்த இரண்டே போதும். மேலும் கீழுமாகக் கடைவாய்ப்பற்களின் மேல்பாகமும், பற்களுக்கு நடுவே ஒட்டும் இடமும், பழைய அடைப்பின் ஓரமும், எலும்பின் விளிம்பும் ஒரே படத்தில் வந்துவிடும். 1925-ல் ஹோவர்டு ராப்பர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த முறையைக் கொண்டுவந்தார். நூறு ஆண்டு ஆகியும், இரண்டு பல்லுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தையைக் கண்டுபிடிக்க அன்றாட எக்ஸ்ரேக்களில் இதைவிட நல்லது வரவில்லை. ஓ.பி.ஜி. படம் பார்க்கப் பெரியதாக இருக்கும், ஆனால் அந்த இடத்தில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கிவிடும். சின்னச் சொத்தையைத் தேட ஓ.பி.ஜி. எடுப்பது வீண் செலவு. ஞானப்பல் எந்தத் திசையில் கிடக்கிறது, பிள்ளைக்கு முளைக்காத பல் உள்ளே இருக்கிறதா, தாடையில் கட்டி ஏதும் உண்டா என்று பார்க்கத்தான் அது சரி.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை என்பதை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே என்று புரிந்துகொண்டவர்கள் நிறைய. அது அப்படி இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டலை நான் ஓரளவு பின்பற்றுகிறேன். சொத்தை எதுவும் இல்லாத, புதிதாக வரும் வாய்ப்பும் குறைந்த பெரியவர்களுக்கு பைட்விங் 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை போதும். சொத்தை இருப்பவர்களுக்கு, எளிதில் வரக்கூடியவர்களுக்கு 6 முதல் 18 மாதம். குழந்தைகளில் சொத்தை வாய்ப்பு குறைந்தவர்களுக்கு 12 முதல் 24 மாதம், அதிகமுள்ளவர்களுக்கு 6 முதல் 12 மாதம். உங்கள் வாயில் புதிதாக எதுவும் நடக்காமல் இருந்தால் இந்த இடைவெளி நீளும். எச்சில் வறண்டுபோகும் மருந்து சாப்பிடுகிறவர்கள், தலைக்கும் கழுத்துக்கும் புற்றுநோய்க் கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்கள், நாள் முழுக்க இனிப்பு டீயை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறவர்கள் போன்றவர்களுக்குக் குறையும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பால்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்து, எல்லாப் பக்கமும் கண்ணுக்கே தெரிகிறது என்றால் பைட்விங் வேண்டாம். கடைவாய்ப் பால்பற்கள் ஒட்டி நெருங்கிய பிறகுதான் அதற்குத் தேவை வரும். ஆறு வயது வாக்கில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கும் பெரிய பல் நிரந்தரப் பல். அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிற பெற்றோர் இன்றைக்கும் வருகிறார்கள்.

கதிர் எவ்வளவு

பயத்துக்கு அளவோடு பதில் சொல்வதுதான் நியாயம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் உலகில் ஒரு மனிதர் இயற்கையாக வாங்கும் கதிர்வீச்சு சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு அது, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஆறரை மைக்ரோசீவர்ட் வாக்கில் வரும். வாய்க்குள் வைத்து டிஜிட்டலில் எடுக்கும் ஒரு சின்னப் படத்தின் அளவு சில மைக்ரோசீவர்ட்தான், ஏறக்குறைய அந்த ஒரு நாள் அளவை ஒட்டியது. ஓ.பி.ஜி. என்றால் சில நாள் அளவு. சி.பி.சி.டி. மட்டும் பல பத்துகளில் தொடங்கிப் பல நூறு மைக்ரோசீவர்ட் வரை போகும். அதனால்தான் அதைக் காரணமில்லாமல் எடுக்கக் கூடாது என்கிறேன். நம் குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் உண்டு. அங்கே இயற்கைக் கதிர் மற்ற இடங்களைவிட அதிகம், தலைமுறைகளாக மக்கள் வாழ்கிறார்கள். இதைச் சொல்வது, கதிர் என்பது எக்ஸ்ரே அறைக்குள் மட்டும் இருப்பதில்லை என்று புரிவதற்காகத்தான். அதற்காகத் தேவையில்லாமல் எடுத்துக்கொண்டே இருக்கலாம் என்று ஆகிவிடாது.

ஜெர்மன் இயற்பியலாளர் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்கோஃப் என்பவர் தன் பற்களையே படமெடுத்துக்கொண்டார். அதற்கு 25 நிமிடம் கதிருக்கு முன்னால் இருந்தார். இன்றைக்கு ஒரு நொடியில் சிறு பங்குதான் ஆகிறது. அமெரிக்காவில் எட்மண்ட் கெல்ஸ் என்பவர் பல் எக்ஸ்ரேக்கு ஆரம்ப காலத்தில் பாடுபட்டவர். கருவியைச் சரிபார்க்கவும் படம் எடுக்கவும் தன் கையையே கதிரில் நீட்டி நீட்டி, விரல்களை இழந்து, கடைசியில் கையையே இழந்தார். இன்று எக்ஸ்ரே அறையில் உதவியாளர் உங்கள் வாய்க்குள் விரலை வைத்து ஃபிலிமைப் பிடிக்கக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் வலி இருக்கிறது. கதிர் விடும்போது அவர் 2 மீட்டராவது தள்ளியோ, தடுப்புக்குப் பின்னாலோ நிற்க வேண்டும். அவர் உங்களை விட்டுத் தள்ளிப் போவதைப் பார்த்து "நமக்கு மட்டும் ஆபத்தா" என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு எப்போதாவது ஒரு படம், அவருக்கு நாள் முழுக்க, ஆண்டு முழுக்க.

கதிரைத் தடுக்க உடம்பின்மேல் போடும் ஈய ஏப்ரனைப் பற்றிக் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், ஏப்ரனும் தைராய்டுக் கழுத்துப்பட்டையும் இனி வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. கதிர் சிதறாமல் செவ்வகக் குழாய் வழியாகக் குறுக்கி அனுப்பினால் அதில்தான் நிஜமான பாதுகாப்பு. ஓ.பி.ஜி.யில் கழுத்துப்பட்டை படத்தையே மறைத்து, இரண்டாவது முறை எடுக்க வைத்துவிடும். நான் இன்னும் ஏப்ரனை மாட்டி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போட்டுவிடுகிறேன், மனதுக்குத் தைரியம் வருகிறது என்றால் போடட்டும்.

கர்ப்பமாக இருப்பவர்கள், இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். வழக்கமான பரிசோதனைப் படத்தைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைக்கலாம். ஆனால் முகம் வீங்கி, சீழ் வைத்து வந்தால் ஒரு சின்னப் படத்தைத் தவிர்த்து, இருட்டில் சிகிச்சை செய்வது தாய்க்கும் குழந்தைக்கும்தான் கெடுதல். கதிர் போவது பல்லுக்கு, வயிற்றுக்கு வருவது மிக மிக அற்பம். வீட்டில் மாமியாரோ அம்மாவோ வேண்டாம் என்றால் அவர்களையும் உள்ளே அழைத்து வாருங்கள், எடுத்துச் சொல்லிவிடலாம்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் எக்ஸ்ரே கருவியைப் பதிந்து அனுமதி பெற்றிருக்க வேண்டும். பெற்றிருக்கிறீர்களா என்று கிளினிக்கில் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மூக்குத்தியும் தாலிச் சங்கிலியும்

வாய்க்குள் எடுக்கும் படத்துக்குப் பெரிதாக எதையும் கழற்ற வேண்டியதில்லை. மேல் முன்பற்களுக்கு மட்டும் மூக்குத்தி குறுக்கே வரலாம். கழற்றி மாட்டும் பல் செட் இருந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.பி.ஜி.க்குப் போகும்போதுதான் சிரமம். தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி, ஹேர்பின், கிளிப், கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் எல்லாம் கழற்ற வேண்டும். கனமான தோடு ஒரு காதில் இருந்தால், அதன் நிழல் எதிர்ப்பக்கத் தாடையில் சற்று மேலே மங்கலாகப் பெரிதாக விழும். அனுபவமில்லாதவர் அதை நோய் என்றே நினைத்துவிடலாம். திருமணமான பெண்கள் பலர் தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் ஒப்பாமல், சொல்லவும் தயங்கி நிற்பார்கள். கழற்றத் தேவையில்லை. சங்கிலி பின்கழுத்தில் மேலே ஏறிக் கிடக்காமல், முடிந்தவரை தோள் பக்கம் கீழே இறக்கி ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டால் பெரும்பாலும் போதும், அதை டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். பல வருடம் கழற்றாத மூக்குத்தி என்றால் அன்றைக்கு அங்கே வந்து திருகிக்கொண்டிருக்காதீர்கள். முந்தின நாளே வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டுத் தளர்த்திக் கழற்றிப் பழகுங்கள். நகைகளுக்கு ஒரு சின்னச் சுருக்குப் பை கொண்டுபோங்கள், அந்த அறையில் தொலைந்துபோனால் தேடுவது பெரும்பாடு.

ஓ.பி.ஜி. இயந்திரத்தில் நிற்கும்போது முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, ஒரு சின்ன அடி முன்னால் வைத்து நில்லுங்கள். முன்பற்களால், கடிப்பதற்காக இயந்திரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியின் பள்ளத்தில் சரியாகக் கடியுங்கள். உதட்டை மூடி, எச்சிலை விழுங்கி, நாக்கை மேலண்ணத்தில் முழுக்க ஒட்டி வையுங்கள். நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே காற்று இருந்தால் மேற்பல் வேர்களுக்கு மேலே கறுப்புப் பட்டையாக விழுந்து அந்த இடமே கெட்டுப்போகும். படம் எடுக்கப் பத்துப் பதினைந்து நொடி ஆகும். அதுவரை அசையவே கூடாது.

குமட்டல் வந்தால்

வாய்க்குள் எடுக்கும் படத்துக்குப் பயமே குமட்டல்தான், கதிர் இல்லை. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு ஃபிலிமை உள்ளே வைத்தால் ஓங்கரிப்பு வரும் என்று பலர் எக்ஸ்ரேயையே தள்ளிப்போடுகிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். முன்பல்லிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பின்னால் போவதற்குள் வாய் பழகிவிடும். மூச்சை மூக்கு வழியாக மெதுவாக இழுத்து விடுங்கள். ஒரு காலை நாற்காலியிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்து அதிலேயே கவனம் வையுங்கள். நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்துக்கொள்வது பலருக்குப் பலன் தருகிறது, என் கிளினிக்கில் உப்புப் பாட்டில் இதற்காகவே இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை விழுங்காமல் துப்பிவிடுங்கள். எதற்கும் அடங்கவில்லை என்றால் மரத்துப்போகும் ஸ்பிரே இருக்கிறது, கேளுங்கள்.

கீழ்ப்பல்லுக்கு வைக்கும்போது அடியில் குத்துகிறது என்று பல்லைக் கடித்து இறுக்கிக்கொள்வார்கள். நாக்கைத் தளர்த்தி, கீழ்த்தாடையை மெதுவாக மூடி வாருங்கள். மூட மூட வாயின் அடித்தசை இளகி ஃபிலிமுக்கு இடம் கொடுக்கும். டாக்டர் பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டிக் கடிக்கச் சொன்னால் நல்லது. உங்கள் விரலாலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஃபிலிம் வளைந்தால் வேர் நீண்டோ குறுகியோ தெரியும், அடுத்த வருடப் படத்தோடு ஒப்பிடவும் முடியாது. ஃபிலிமுக்குப் பதிலாக வாய்க்குள் வைக்கும் டிஜிட்டல் சென்சார் என்றால் அதன்மேல் போடும் பிளாஸ்டிக் உறை உங்களுக்காகப் புதிதாக மாற்றப்படுகிறதா என்று கவனியுங்கள். மாற்றவில்லை என்றால் கூச்சப்படாமல் கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.

குழந்தையை அசையாமல் பிடிக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து வந்த ஒருவர் ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கலாம். அவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது.

படத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்

திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்கும் படம் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பது போல இருக்கும், உங்கள் வலது பக்கம் படத்தில் இடது பக்கமாக வரும். அடர்த்தியான பொருள் வெள்ளையாகவும் காற்றும் சொத்தையும் கறுப்பாகவும் தெரியும். உலோக அடைப்பு, கேப் எல்லாம் பளீரென்ற வெள்ளை. பல்லின் மேல்தோடு அதற்கடுத்த வெள்ளை. உள்ளே சாம்பல். நடுவில் நரம்பு இருக்கும் அறையும் கால்வாயும் கறுப்பு.

முதலில் இரண்டு பல்லும் உரசும் இடத்தைப் பாருங்கள். அங்கே மேல்தோட்டில் சின்ன முக்கோணக் கறுப்பு வெட்டு இருந்தால் சந்தேகம். அது மேல்தோட்டோடு நின்றிருக்கிறதா, உள்ளே சாம்பல் பகுதிக்குள் போய்விட்டதா என்று கேளுங்கள். மேல்தோட்டோடு நின்றால் பல நேரம் ஃப்ளோரைடு பூச்சு, பல்லிடுக்கு நூல் என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம், குடைய வேண்டியதில்லை. ஃப்ளோரைடால் கறைபட்ட ஊரில் இருந்துகொண்டு ஃப்ளோரைடு பூச்சைப் பற்றிப் பேசுவது விசித்திரமாகத் தோன்றலாம். குடிநீரில் வருடக்கணக்கில் உள்ளே போவது வேறு, முளைத்து முடிந்த பல்லின்மேல் டாக்டர் தடவுவது வேறு. எக்ஸ்ரேயில் ஓர் இடம் கறுப்பாகத் தெரிவதற்கு அங்கே தாதுச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது போயிருக்க வேண்டும். அதனால் ஆரம்பச் சொத்தை தெரியவே தெரியாது, தெரிகிற சொத்தை நிஜத்தில் படத்தைவிடப் பெரியதாக இருக்கும்.

அடுத்து எலும்பு. பற்களுக்கு நடுவே எலும்பின் மேல் விளிம்பு பல்லின் கழுத்திலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் நின்றால் நல்லது. அதைவிடக் கீழே இறங்கியிருந்தால் ஈறு நோய் எலும்பைத் தின்றிருக்கிறது. சர்க்கரைக்காரர்கள், புகைபிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வலியே இல்லாமல் பல வருடம் நடக்கும் அழிவு இது. அப்புறம் வேர் நுனி. வேரைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். நுனியில் அது அறுந்து கேழ்வரகு அளவுக்குக் கறுப்பு வட்டம் இருந்தால் அங்கே சீழோ கட்டியோ இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப்பல் வேரின் அருகே, நரம்பு வெளியே வரும் இயற்கைத் துளை உண்டு. படத்தில் அது சீழ்க்கட்டி போலவே இருக்கும். மேல் கடைவாய்ப்பற்களுக்கு மேலே பெரிய கறுப்புப் பகுதி தெரிந்தால் அது கன்ன எலும்புப் பக்கம் காற்று நிறைந்திருக்கும் சைனஸ் அறை, நோய் இல்லை. பிள்ளைகள் படத்தில் பால்பல் வேருக்கு அடியில் தெரியும் கறுப்பு வளையத்துக்குள் புதிய பல் உருவாகிக்கொண்டிருக்கும். படத்தைக் கைபேசியில் பிடித்து வீட்டுக்குப் போய் இணையத்தில் ஒப்பிட்டுப் பயப்படுவதைவிட, அங்கேயே "இந்தக் கறுப்பு என்ன?" என்று விரல் வைத்துக் கேளுங்கள். வெறும் படத்தைக் காட்டி ரூட் கேனால் செய்ய வேண்டும் என்றால், பல்லுக்குக் குளிர் வைத்துப் பார்த்தீர்களா, தட்டிப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே சொல்லாது.

பல்லில் விரிசல் பெரும்பாலும் தெரியாது. ஈறில் இரத்தம் வருவது தெரியாது. இந்த மாவட்டத்தில் நான் மிகவும் பயப்படுவதும் எக்ஸ்ரேயில் தெரியாது. புகையிலை அடக்கும் கன்னத்தில் வரும் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரம் ஆறாத புண், வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் இறுகுவது. இவை கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியவை. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று யாராவது அனுப்பிவைத்தால், கன்னத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

படத்தை வைத்திருப்பது

பிரதி கேட்டு வாங்குங்கள். இங்கிருந்து வேலைக்கு ஓசூர், பெங்களூரு போகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் புதிதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பழைய படம் கையில் இல்லாததால். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் மின்னஞ்சல். ஃபிலிம் என்றால் மடிக்காமல் காகித உறையில் போட்டு, மேலே பெயர், தேதி, எந்தப் பக்கம் என்று எழுதி, பீரோவில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். சரியாகக் கழுவாத ஃபிலிம் சில வருடத்தில் பழுப்பாகிவிடும். அதனால் வாங்கிய வாரமே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த பரிசோதனைக்கு அதை எடுத்துப்போய், டாக்டர் புதுப் படம் எழுதும் முன்பே மேஜையில் வையுங்கள். சில நேரம் அதுவே போதும் என்று சொல்லிவிடுவார். புதிதாக எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எலும்பு விளிம்பு இறங்கியிருக்கிறதா, போன முறை காத்திருக்கலாம் என்று சொன்ன அந்த வெட்டு வளர்ந்திருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வளரவில்லை என்றால் இன்னும் காத்திருக்கலாம்.